காம்பி ஓவன் சூடேறவில்லையா? ஹீட்டரைக் கழற்றும் முன்

காம்பி ஓவன், அதாவது ஹாட் ஏராலும் ஸ்டீமாலும் சமைக்கும் பெரிய கிச்சன் ஓவன், சூடாகவில்லை என்றால் பழி முதலில் விழுவது ஹீட்டர் மேல். அடுத்து கன்ட்ரோல் போர்டு மேல். புது ஹீட்டர் வரும், மாட்டுவார்கள், ஓவன் அப்படியே சில்லென்று நிற்கும். போர்டையும் மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் கதவிலிருக்கும் காந்தம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும்.

வரிசையில் ஹீட்டர்தான் கடைசி ஆள். மூன்று ஃபேஸும் வர வேண்டும், கதவு மூடியிருக்கிறது என்று சுவிட்ச் சொல்ல வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும், ஹை லிமிட் (சூடு அளவு மீறினால் ஹீட்டரை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகாமல் இருக்க வேண்டும், சென்சார் நம்பும்படியான எண்ணைத் தர வேண்டும், போர்டு கட்டளை கொடுக்க வேண்டும், கான்டாக்டர் (ஹீட்டருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்ச்) அடிக்க வேண்டும். இத்தனையும் நடந்த பிறகுதான் ஹீட்டருக்கு வேலை. அதனால் வரிசையின் இந்தக் கடைசியிலிருந்தோ அந்தக் கடைசியிலிருந்தோ ஆரம்பிக்க வேண்டாம். நடுவில் கை வையுங்கள். நடு என்பது கான்டாக்டர். அது அடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிட்டால் பாதி ஓவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இங்கே சொல்லும் எண்கள் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400 வோல்ட், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் உள்ள மூன்று ஃபேஸ் ஓவனுக்கானவை. உங்கள் ஓவனின் தகட்டில் வேறு வோல்ட், வேறு கிலோவாட் இருந்தால் அதே கணக்கை அந்த எண்ணில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுப் பேனலைத் திறப்பதற்கு முன் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள்; மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பாருங்கள். ஃபேனை இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் கருவி) ஓட்டும் மாடல்களில் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். ஆஃப் செய்ததும் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, அளந்து பார்த்த பிறகு தொடுங்கள். மின்சாரம் இருக்கும்போது எடுக்க வேண்டிய அளவுகளை அதற்குப் பயிற்சி உள்ளவர் மட்டும் எடுக்கட்டும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

பேனலைத் திறக்கும் முன் ஸ்கிரீனைப் பாருங்கள். ஷோரூமில் காட்டுவதற்காக டெமோ மோடு என்று ஒன்று பல மாடல்களில் உண்டு. அதில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டைமர் ஓடும், சூடு மட்டும் வராது. புதிதாக இறக்கிய ஓவனில் முதல் சந்தேகம் இதுதான்.

பாதியில் நின்ற க்ளீனிங் புரோகிராம் அடுத்தது. உள்ளே கெமிக்கல் இருக்கலாம் என்று ஓவன் தன்னைப் பூட்டிக்கொள்ளும். ரின்ஸ் முடியும் வரை சூடேற்றாது. மூன்றாவது, மின் சுமையைக் கட்டுப்படுத்தும் வெளிக்கருவி. பெரிய கிச்சன்களில் மொத்த கிலோவாட் எல்லை தாண்டாமலிருக்க, ஓவனின் ஹீட்டரை ஒரு சிக்னல் வயர் வழியாக வெளியிலிருந்தே நிறுத்தி வைப்பார்கள். அந்த இணைப்பு இருக்கிறதா என்று தெரியாமல் ஓவனுக்குள் தேடுவது வீண் வேலை. உணவுக்குள் குத்தி உள் வெப்பம் பார்க்கும் கோர் புரோப்பும் இதில் சேரும். உள் வெப்பம் 72 டிகிரி வந்தால் நிறுத்து என்று புரோகிராம் இருக்கும்போது, கெட்டுப்போன புரோப் 90 என்று காட்டினால், சமைத்து முடித்துவிட்டதாக நினைத்து ஓவன் நின்றுவிடும். டைமர் மோடில் புரோப் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் புகாரைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹாட் ஏர், ஸ்டீம் இரண்டும் இல்லையா? ஒன்று மட்டும் இல்லையா? சூடு வருகிறது, ஆனால் ஏற மாட்டேன் என்கிறதா? நன்றாக ஏறிவிட்டுப் பிறகு நின்றுவிடுகிறதா? பாய்லர் உள்ள ஓவனில் ஹாட் ஏருக்கு ஒரு ஹீட்டர் தொகுதி, ஸ்டீமுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி கான்டாக்டர், தனித்தனி ஹை லிமிட். அதில் ஒன்று வேலை செய்து மற்றது செய்யவில்லை என்றால், உள்ளே வரும் சப்ளையையும் கதவு சுவிட்சையும் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டாம். பாய்லர் இல்லாமல் ஃபேன் மேல் தண்ணீர் தெளித்து ஸ்டீம் உண்டாக்கும் ஓவனில் ஹீட்டர் ஒன்றுதான். அங்கே ஹாட் ஏர் நன்றாக இருந்து ஸ்டீம் மட்டும் இல்லை என்றால் தண்ணீர்ப் பக்கம் போங்கள்.

"டக்" சத்தம்

ஆறிய ஓவன், காலி ஓவன். ஹாட் ஏரில் 200 டிகிரி வைத்துக் கதவை மூடுங்கள். ஃபேன் எடுக்கும்; சில நொடிகளில் கான்டாக்டர் அடிக்கும் "டக்" கேட்க வேண்டும். கிச்சன் சத்தத்தில் கேட்காவிட்டால் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்ப் காட்டும் மீட்டர்) எடுத்து, உள்ளே வரும் மூன்று ஃபேஸ் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். என் பார்வையில் இந்த வேலைக்கு மல்டிமீட்டரை விடக் கிளாம்ப் மீட்டர்தான் முக்கியம். எதையும் கழற்றாமல், மூன்றே எண்ணில், எங்கே போக வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

18 கிலோவாட் ஹீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18,000ஐ 400ஆலும் 1.732ஆலும் வகுத்தால் ஃபேஸுக்கு 26 ஆம்ப். ஃபேன், போர்டு எடுப்பது இதோடு கொஞ்சம் சேரும்.

மூன்றிலும் 26க்குப் பக்கம் வந்தால் ஹீட்டர்களுக்கு ஒன்றுமில்லை. மின்சாரம் வெப்பமாகத்தான் மாறுகிறது; அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கேஸ்கெட், ஈரப்பதத்தை வெளியே விடும் ஃபிளாப், கசியும் தண்ணீர் வால்வு, தப்பாகக் காட்டும் சென்சார் என்று தேடல் வேறு பக்கம் திரும்பும்.

இரண்டில் 22, 23 ஆம்ப், மூன்றாவதில் பூஜ்யம் என்றால் பவர் சரியாகப் பாதி, அதாவது 9 கிலோவாட். டெல்டா இணைப்பில் (ஒவ்வொரு ஹீட்டரும் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே) ஒரு ஃபேஸ் போனாலும், நியூட்ரல் இல்லாத ஸ்டார் இணைப்பில் (மூன்று ஹீட்டர்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்திருக்கும்) ஒரு ஃபேஸோ ஒரு ஹீட்டரோ போனாலும் இதே எண்கள்தான் வரும். ஒன்றில் 26, மற்ற இரண்டில் 15 என்றால் மூன்று ஃபேஸும் நன்றாக வருகிறது. டெல்டாவில் ஒரு ஹீட்டர் மட்டும் அறுந்திருக்கிறது, பவர் 12 கிலோவாட். இந்த ஓவன்கள் முழுசாகச் சாவதில்லை என்பதுதான் தொல்லை. காலியாக இருக்கும்போது மெதுவாகவாவது 200 தொட்டுவிடும். ட்ரேக்களை ஏற்றியதும் 150க்கு இறங்கி அங்கேயே நிற்கும். "காலையில் நன்றாக இருந்தது, மதியம் கூட்டம் வந்ததும் சூடு ஏறவில்லை" என்று சொன்னால் முதலில் இதை நினையுங்கள்.

மூன்றிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் கான்டாக்டர் அடிக்கவில்லை, அல்லது அடித்தும் அதன் வழியாக எதுவும் போகவில்லை. இப்போது கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2 முனைகளில் வோல்ட் பாருங்கள். காயில் 230 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வோல்ட் முழுசாக வந்தும் அடிக்கவில்லை என்றால் காயில் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் கோளாறு கான்டாக்டருக்கு முன்னால். இடைப்பட்ட நிலையும் உண்டு. எழுதியிருக்கும் வோல்ட்டில் 85 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 230 காயிலுக்கு 195க்குக் கீழே போனால் கான்டாக்டர் இழுக்கும் என்று சொல்ல முடியாது. "டர்ர்" என்று துடிக்கும். துடிக்கும் கான்டாக்டரை மாற்றிப் பயனில்லை. நியூட்ரல் இணைப்பையும் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள்.

கான்டாக்டருக்கு முன்னால்

இங்கே எல்லாமே தொடராக இருக்கும் சுவிட்சுகள்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி கன்டினியூட்டி பார்ப்பதை விட ஓர் எளிய வழி இருக்கிறது. ஓவன் சூடு கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில், ஒவ்வொரு சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வோல்ட் அளந்து பாருங்கள். மூடியிருக்கும் சுவிட்சில் பூஜ்யம் வரும். திறந்திருப்பதில் முழு கன்ட்ரோல் வோல்ட்டும் நிற்கும். 230 எங்கே தெரிகிறதோ அதுதான் வழிமறிக்கும் ஆள். இரண்டு சுவிட்சுகள் ஒன்றாகத் திறந்திருந்தால் மட்டும் இந்த வழி குழப்பும். ஹை லிமிட்டுக்கு ஜம்பர் (சுவிட்சைத் தாண்டிப் போகும் வயர் துண்டு) போட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வோல்ட் அளந்தாலே தெரிவதற்கு ஓவனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கதவு சுவிட்ச் பெரும்பாலும் ரீட் சுவிட்ச். கதவிலோ கைப்பிடியிலோ ஒரு காந்தம், பேனலுக்குள் சுவிட்ச். கீல் தேய்ந்து கதவு தொங்கினால் காந்தம் எட்டாது. கதவு மூடியிருந்தும் ஸ்கிரீனில் திறந்ததாகக் காட்டினால், தனிக் காந்தம் ஒன்றைச் சுவிட்சுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். உடனே சரியானால் சுவிட்சுக்கு ஒன்றுமில்லை. கதவைத்தான் நேராக்க வேண்டும். ஹேண்டிலில் இரண்டு நிலைகள் உள்ள கதவுகளில் முதல் நிலையோடு விட்டுவிடுவதும் சகஜம்.

ஹை லிமிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எலக்ட்ரிக்கல் பகுதியில் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் நடுவில் ஒரு பட்டன். ட்ரிப் ஆகியிருந்தால் அழுத்தும்போது "க்ளிக்" என்று விரலில் தெரியும். க்ளிக் வரவில்லை என்றால் ஒன்று அது ட்ரிப் ஆகவே இல்லை, அல்லது இன்னும் ஆறவில்லை, அல்லது கேப்பிலரிக் குழாயில் உள்ள திரவம் கசிந்து நிரந்தரமாகத் திறந்துவிட்டது. க்ளிக் வந்து ஓவன் ஓட ஆரம்பித்தால் வேலை முடியவில்லை. அது காரணமில்லாமல் ட்ரிப் ஆவதில்லை.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். செட் பண்ணிய சூடு வந்த பிறகும் கிளாம்ப் மீட்டரில் ஆம்ப் குறையாமல் நிற்கிறதா? அப்படியானால் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிப்போயிருக்கின்றன, அல்லது எஸ்எஸ்ஆர் (கான்டாக்டரின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஷார்ட் ஆகிவிட்டது. எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் திறந்து சாகாது, ஷார்ட் ஆகித்தான் சாகும். "சூடாகவில்லை" என்ற புகாருக்கு மூலகாரணம் "அளவுக்கு மீறிச் சூடானது" என்பதாக இருப்பது இங்கேதான். அடுத்து, சுத்தம் செய்ய எடுத்த ஃபேன் முன் தகடு சரியாக லாக் ஆகவில்லையா? காற்றோட்டம் மாறி ஹீட்டரைச் சுற்றிச் சூடு தேங்கும். ஹை லிமிட்டின் பல்ப் (கேப்பிலரிக் குழாய் முனையில் சூட்டை உணரும் குமிழ்) கிளிப்பிலிருந்து நழுவி ஹீட்டர் மேல் சாய்ந்திருக்கிறதா? ஓவன் முழுச் சூட்டில் இருந்தபோது கரண்ட் போனதா? ஃபேன் திடீரென்று நின்றால் ஹீட்டரில் தேங்கிய சூடே ட்ரிப் பண்ணப் போதும். இது ஒரு முறை நடந்தால் ரீசெட் செய்துவிட்டு விடலாம்.

ஃபேன் சுற்றவில்லை என்றாலும், சுற்றுவதாக போர்டுக்குத் தெரியவில்லை என்றாலும் சூடு வராது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்றாவது போக வேண்டும். கரகரவென்றால் பேரிங். மோட்டார் தண்டின் சீல் கசிந்து ஸ்டீம் உள்ளே போவதால்தான் பெரும்பாலும் பேரிங் போகிறது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் அது சீக்கிரமே திரும்ப வரும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டு எடுக்காமல் நின்றால் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரடை அளந்து பாருங்கள். மேலே எழுதியிருப்பதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வைண்டிங்குக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச், மோட்டார் சூடாகித் திறந்து, ஆறியதும் தானே மூடிக்கொள்ளும். "ஒரு மணி நேரம் ஓடுகிறது, நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஓடுகிறது" என்ற புகாருக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம், அடைத்துப்போன காற்று ஃபில்டரும் இருக்கலாம். எலக்ட்ரிக்கல் பகுதிக்குக் குளிர்ந்த காற்று இழுக்கும் அந்த ஃபில்டர் எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்தால் போர்டு சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஹீட்டரை நிறுத்திவிடும்.

சென்சாருக்கு வருவோம். பிடி100 (சூட்டுக்கேற்ப ஓம் மாறும் சென்சார்) என்றால் 0 டிகிரியில் 100 ஓம், 25 டிகிரியில் 109.7, கொதிக்கும் தண்ணீரில் 138.5. பிடி1000க்கு இதையே பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, சென்சார் பக்கம் அளக்க வேண்டும். கே வகை தெர்மோகப்பிளில் (இரண்டு உலோக இழைகள் சேரும் முனையின் சூட்டுக்கேற்ப மில்லிவோல்ட் தரும் சென்சார்) ஓம் பார்த்து அதிகம் தெரியாது. அறுந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். மில்லிவோல்ட் பாருங்கள்: டிகிரிக்குச் சுமார் 0.041. அறை 30 டிகிரி, முனை கொதிநீரில் என்றால் 2.9 மில்லிவோல்ட்டுக்குப் பக்கம் வர வேண்டும்.

தெர்மோகப்பிளில் இரண்டு பொறிகள். பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் ஓவன் சூடாகச் சூடாக ஸ்கிரீனில் எண் இறங்கும். இது பார்த்ததுமே தெரிந்துவிடும். இன்னொன்று கண்ணில் படாது: வயர் பேனல் விளிம்பில் நசுங்கி, உள்ளே இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும். அந்தத் தொடும் இடமே புதிய முனை ஆகிவிடும். ஓவனுக்குள் 250 டிகிரி இருக்கும். சென்சார், நசுங்கிய இடத்தில் இருக்கும் 45 டிகிரியைச் சொல்லும். போர்டு விடாமல் சூடேற்றும், ஹை லிமிட் விழும். ரீசெட் செய்தால் அதே கதை திரும்ப நடக்கும். ஹை லிமிட்டைப் புதிதாக மாற்றியும் விழுகிறதென்றால் தெர்மோகப்பிள் வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவிப் பாருங்கள்.

சர்வீஸ் மெனு திறக்க முடிந்தால் இதில் பாதியைப் பேனல் திறக்காமலேயே பார்க்கலாம். கதவு நிலை, ஃபேன் வேகம், ஒவ்வொரு சென்சாரின் டிகிரி, தண்ணீர் மட்டம் எல்லாம் அங்கே ஓடும். போர்டை மாற்றுவது, அதற்கு வரவேண்டிய அத்தனை உள்ளீடுகளும் சரியாக இருந்தும் கான்டாக்டருக்குக் கட்டளை போகவில்லை என்று உறுதியான பிறகு மட்டும்.

கான்டாக்டருக்குப் பின்னால்

கான்டாக்டர் அடிக்கிறது, சூடு இல்லை. மேல் முனைகளில் மூன்று ஜோடிகளுக்கு நடுவிலும் 400 வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஃபியூஸ், பிரேக்கர், வெளி ஐசொலேட்டர். இந்த அளவை ஓவன் லோடு எடுக்கும்போது எடுங்கள். கருகிய ஐசொலேட்டர் முனை லோடு இல்லாதபோது 400 காட்டி ஏமாற்றும். வோல்ட் குறைந்தாலும் கணக்கு இரட்டிப்பாகக் கடிக்கும்: 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் பவர் 19 சதவீதம் குறையும்.

மேலே சரி என்றால் கான்டாக்டரின் ஒவ்வொரு துருவத்துக்கும் குறுக்கே, மேல் முனைக்கும் நேர் கீழ் முனைக்கும் நடுவே, வோல்ட் பாருங்கள். நல்ல கான்டாக்டரில் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கும். 2 வோல்ட் வந்தால் 26 ஆம்புக்கு 52 வாட் அந்தச் சின்ன முனையிலேயே எரிகிறது என்று பொருள்.

அப்படிப்பட்ட முனையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்குரூவைச் சுற்றிய பிளாஸ்டிக் தேன் நிறத்தில் மாறி, ஓரத்தில் கொப்புளம் தட்டியிருக்கும். வயரின் இன்சுலேஷன் விரலால் வளைத்தால் நொறுங்கும். ஸ்குரூ பாதிச் சுற்று காலியாகச் சுற்றிய பிறகுதான் பிடிக்கும். இழைகள் செம்பு நிறம் இழந்து கறுத்திருக்கும். இதை இறுக்கி விட்டுவிட்டு வருவது வேலையே அல்ல. கறுத்த பகுதியை, பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எறிந்து, புது லக் அழுத்தி, கான்டாக்டரையும் மாற்றி, அதன் மேல் எழுதியிருக்கும் டார்க் அளவில் இறுக்குங்கள். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கும் முனை இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து இறுக்கம் பார்த்தால் இந்தக் காட்சியே வராது.

இனிதான் ஹீட்டர். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இணைப்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். ஓம் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 400 வோல்ட்டில் 6 கிலோவாட் தொகுதிக்கு 26.7 ஓம், 230 வோல்ட்டில் 6 கிலோவாட்டுக்கு 8.8 ஓம். மீட்டர் வயர்களை ஒன்றாகத் தொட்டால் வரும் அரை ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். டெல்டாவைப் பிரிக்காமல் அளந்தால், நல்ல ஓவனில் எந்த ஜோடிக்கும் 17.8 ஓம் காட்டும். ஒரு தொகுதி அறுந்திருந்தால் அதற்குக் குறுக்கே 53 காட்டும், அறுந்தது போலவே தெரியாது. மற்ற இரண்டிலும் 26.7 காட்டும். "ஓம் வருகிறது, ஹீட்டர் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். ஒரே தொகுதிக்குள் மூன்று கம்பிகள் பேரலலாக இருந்து ஒன்று போனால் 26.7க்குப் பதில் 40 வரும். ஆகவே கன்டினியூட்டி பஸ்ஸரை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

சூடு வந்த சில நொடியில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்தால் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) எடுங்கள். போர்டு, இன்வெர்ட்டர் இணைப்புகளையெல்லாம் கழற்றிய பிறகு, 500 வோல்ட்டில் ஹீட்டர் முனைக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டும். நெடுநாள் ஓட்டாமல் கிடந்த ஓவனில் ஹீட்டருக்குள் ஈரம் ஏறியிருக்கும். உலர்த்தினால் எண் ஏறிவிடும். உறையில் கீறல் விழுந்த ஹீட்டர், ஆறியிருக்கும்போது நல்ல எண் காட்டிவிட்டுச் சூட்டில் மட்டும் கசியும். அதனால் ட்ரிப் ஆன கையோடு, சூடு ஆறுவதற்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்தக் கீறல் எப்படி வந்தது என்றும் பாருங்கள். பழுக்கச் சூடாக இருக்கும் ஹீட்டர் மேல் ஹேண்ட் ஷவரால் பச்சைத் தண்ணீர் அடிப்பதை நிறுத்தாவிட்டால் புது ஹீட்டருக்கும் அதே கதிதான்.

தண்ணீர்ப் பக்கம்

பாய்லரில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்டீம் ஹீட்டருக்கு அனுமதி. அதைச் சொல்வது லெவல் எலெக்ட்ரோட்; தண்ணீர் வழியாகச் சிறு மின்னோட்டம் பாய்வதை வைத்துக் கண்டுபிடிக்கிறது. உப்பு படிந்தால் இது இரண்டு விதமாகப் பொய் சொல்லும். எலெக்ட்ரோடைப் படிவு முழுசாகப் போர்த்திவிட்டால், தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லும். வால்வு திறந்தபடி இருக்கும், தண்ணீர் வழியும், சூடு வராது. எலெக்ட்ரோடுக்கும் பாய்லர் சுவருக்கும் நடுவே ஈரமான படிவு பாலம் கட்டிவிட்டால், தண்ணீர் இல்லாமலேயே இருக்கிறது என்று சொல்லும். ஹீட்டர் வறண்டு எரியும், பாய்லரின் ஹை லிமிட் விழும். வியாதி ஒன்று, அறிகுறி நேர் எதிர்.

சுத்தமான தண்ணீரும் இங்கே தொல்லைதான். ஆர்ஓ தண்ணீரில் தாது மிகக் குறைந்துவிட்டால் மின்சாரம் கடத்தாது. எலெக்ட்ரோட் புத்தம் புதிதாக இருந்தாலும் தண்ணீரை உணராது. ஆர்ஓ வைத்த வாரத்திலிருந்து ஸ்டீம் வரவில்லை என்றால் வேறெங்கும் போக வேண்டாம்; கொஞ்சம் சாதாரணத் தண்ணீரைக் கலந்துவிட்டு, ஓவன் கையேடு கேட்கும் கடத்துத்திறனுக்குக் கொண்டுவாருங்கள்.

பாய்லர் நிரம்பவே இல்லை என்றால் சொலினாய்டு வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலை ஃபில்டர். அதன் பிறகு தண்ணீர் அழுத்தம். பல கையேடுகள் 1.5 முதல் 6 பார் வரை கேட்கின்றன. பக்கத்துக் குழாய்களும் திறந்திருக்கும்போது அளந்து பாருங்கள். நிரம்பியும் நிற்கவில்லை என்றால் ட்ரெயின் வால்வு. உப்பு எடுத்த மறுநாள் இது அதிகம் நடக்கும்: உதிர்ந்த செதில் ஒன்று வால்வு இருக்கையில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, யாரும் முதலில் நினைக்காத ஒன்று. பாய்லர் இல்லாத ஓவனில் ஹாட் ஏர் 200 வைத்தாலும் 110, 120ஐத் தாண்டாமல் திணறும், மூன்று ஃபேஸிலும் ஆம்ப் முழுசாக இருக்கும். ஸ்டீம் தண்ணீர் வால்வு மூடாமல் கசிகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து முழுசாக ஆவியாக்க 0.72 கிலோவாட் மணி வேண்டும். மணிக்கு 10 லிட்டர் கசிந்தால், அது நிமிடத்துக்கு ஒரு சின்ன டம்ளர்தான், 7 கிலோவாட்டை அதுவே குடித்துவிடும். ஓவனுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஹாட் ஏரை ஓட்டுங்கள். எண் கிடுகிடுவென ஏறினால் மாற்ற வேண்டியது வால்வு.

கேஸ் ஓவன் என்றால்

அனுமதி வரிசை அதேதான். கான்டாக்டருக்குப் பதில் கேஸ் வால்வும் இக்னிஷனும். ஸ்பார்க் வருகிறது, பற்றுகிறது, சில நொடியில் அணைந்து லாக் ஆகிறது என்றால் தீயை உணரும் எலெக்ட்ரோடைப் பாருங்கள். தீ வழியாகப் பாயும் மின்னோட்டம் ஒருசில மைக்ரோஆம்ப் மட்டுமே. எலெக்ட்ரோட் கரி பிடித்தாலோ எர்த் சரியில்லை என்றாலோ அது போய்விடும். பல மாடல்களில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் இதே அறிகுறி. ஓவன் வேறு இடத்துக்கு மாறிய பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

கேஸ் அழுத்தத்தைப் பர்னர் எரியும்போது, மற்ற அடுப்புகளும் எரியும்போது அளக்க வேண்டும். எல்பிஜி சிலிண்டரில் பனி பூத்திருந்தால், எடுக்கும் வேகத்துக்கு அதனால் ஆவியாகிக் கொடுக்க முடியவில்லை. வால்வைத் திருகிச் செட் பண்ணுவது, புகையில் கார்பன் மோனாக்சைடு அளப்பது எல்லாம் உரிமம் உள்ளவர் வேலை.

மூடுவதற்கு முன்

சரியான பிறகு 200 டிகிரியில் அரை மணி நேரம் காலியாக ஓட்டுங்கள். ஓவன் நடுவில் தனித் தெர்மாமீட்டர் ஒன்றைத் தொங்கவிட்டு, ஹீட்டர் மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் ஆகும் வரை பார்த்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து காலிபரேஷனைத் தொட வேண்டாம். செட் பண்ணிய சூடு வந்ததும் ஹீட்டரின் ஆம்ப் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று கிளாம்ப் மீட்டரில் கட்டாயம் பாருங்கள். பிறகு மூன்று ஃபேஸின் ஆம்பையும், ஒவ்வொரு தொகுதியின் ஓமையும், தேதியையும் பேனலின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிட்டு மூடுங்கள்.